இடப்பக்கத்துச் சீட்

அந்த வண்டியின் கம்பெனிப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் போதும், விவரம் தெரிந்த நாலு பேர் எந்த வீடு, எந்தத் தீப்பெட்டி ஆபீஸ் என்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இங்கிலீஷ்காரன் செய்த பந்தய வண்டி. இரண்டே சீட். கூரை கிடையாது. மூக்கு நீளம், அடர்பச்சை நிறம், கதவில் வெள்ளை வட்டத்துக்குள் பதினான்கு என்று எழுதியிருக்கும். அந்த மாதிரி வண்டி உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்தார்களாம். நம் நாட்டில் இது ஒன்றுதான் இருக்கிறது என்று பின்னால் ஒருவர் தேடி வந்து சொன்னார். அவர் வராமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைப்பேன். சில நாள், இதே மனுசன் முப்பது வருடம் முன்னாலேயே வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைப்பேன்.

நான் சாத்தூர்க்காரி. கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அதை மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். வந்த இடத்திலோ எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாழ்கிறவர்கள். மாமா, அதாவது என் மாமனார், தீப்பெட்டி ஆபீஸை நடத்தினார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கார் உண்டு, ஆனால் அவர் ஓட்டமாட்டார். டிரைவர் லீவு போட்டால் டவுன் பஸ்ஸில் போவார். அத்தைக்கு, அவர் மனைவிக்கு, ஊரில் ராசிக்காரி என்று பெயர். அந்தப் பொண்ணு கால் வைத்த பிறகுதான் வீடு விளங்கியது என்று பால்காரர்வரை சொல்லுவார்கள். இவர்கள் போக, மாமாவுடைய அண்ணன் மனைவி. அவரை நான் பெரியத்தை என்று கூப்பிட வேண்டும். ஐம்பதை நெருங்கிய வயது. நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், தலை நிறையப் பூ, மஞ்சள் மங்காத தாலிக்கயிறு. ஆனால் பெரிய மாமா என்று ஒருவரை நான் அந்த வீட்டில் பார்க்கவே இல்லை.

முன்பக்கம் வீடு, பின்பக்கம் ஆபீஸ், காம்பவுண்டின் கடைசியில் ஒரு தகர ஷெட். அதற்கு அப்புறம் கண்ணுக்கு எட்டியவரை கரிசல்தான். நான் வந்த முதல் வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுது. ஆபீஸில் பெண்கள் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் கையும் நிற்காது, வாயும் நிற்காது. திடீரென்று அத்தனை கையும் வாயும் ஒன்றாக நின்றன. அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தச் சத்தமே கேட்டது. கரகரத்த, கனமான என்ஜின் சத்தம். லாரியும் இல்லை, ஜீப்பும் இல்லை. கால் மணி நேரம் ஓடி நின்றது. நின்றதும் ஒன்றும் நடக்காததுபோலப் பெண்கள் மறுபடி குச்சியை எடுத்தார்கள். ஒருத்தி மட்டும் ஷெட் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கியதில் அன்று சாயங்காலம் விஷயம் வந்தது. பெரிய மாமா பந்தயப் பைத்தியமாம். வியாபாரமாகக் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில், அங்கே தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவனிடம் இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். சீமையில் ஓடி, பிறகு இலங்கையில் மலைப்பாதைப் பந்தயங்களில் ஓடிப் பேரெடுத்த வண்டி. தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறக்கியபோது பார்க்கக் கூட்டம் கூடியதாம். சென்னைப் பக்கம் ஒரு பழைய விமானத் தளத்தில் அப்போது பந்தயம் நடக்கும். வருடா வருடம் போவார், கோப்பையோடு வருவார். கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

எழுபதை ஒட்டிய ஒரு வருடம் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய மாமா யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சென்னைப் பந்தயத்துக்குப் போய்விட்டார். கூடப்பிறந்தவன் கல்யாணத்தைவிடப் பந்தயம் பெரிசாப் போச்சா என்று ஊரே ஏசியது. பத்து நாள் கழித்து, கடம்பூர் ரோட்டோரம் எங்கள் காட்டில் அந்த வண்டி நின்றது. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்லுவோம். உச்சி வெயில். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் ஒரு கீறல் இல்லை, புதுப் பெயிண்ட் பளபளத்தது. உள்ளே ஆள் இல்லை. வீடு வந்து சேர இரண்டு மைல் இருக்கையில், ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு மனுசன் எங்கே போனார்? பேய்க்காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். அந்த வழியாகப் பருத்தி எடுக்கப் போகிற பெண்கள், மத்தியானத்தில் ஆளில்லாத ரோட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டதாக நான் வந்த காலத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆள் கிடைக்கவில்லை, பிணமும் கிடைக்கவில்லை. அதனால் பெரியத்தை சுமங்கலி. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட வாழவில்லை, பிள்ளையும் இல்லை. "அவிய வந்துக்கிட்டுத்தான இருந்தாவ, பாதி வழியிலதான நிக்குதாவ" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அவர் கோவிலுக்குப் போகிற பெண்களைப்போல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்து, புதுப் பூ வைத்து, ஷெட்டுக்குப் போவார்.

எனக்கு மூன்று வெள்ளிக்கிழமைக்குமேல் பொறுக்க முடியவில்லை. நாலாவது வெள்ளி, ஷெட்டின் பின்பக்கத் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். எங்கள் லாரி டிரைவர் வந்து ஷெட் கதவுகளை விரியத் திறந்தார். வலப்பக்கம் நின்றபடியே குனிந்து கையை மட்டும் உள்ளே விட்டு வண்டியைக் கிளப்பினார். ஓட்டுகிற சீட்டில் உட்காரவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பிறகு பெரியத்தை வந்தார். இடப்பக்கத்துக் கதவைத் திறந்து, அந்தச் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். முகத்தை வலப்பக்கம் திருப்பினார். ஏதோ சொன்னார். காத்திருந்தார். தலையாட்டினார். ஒருதரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், புதுப்பெண் சிரிக்கிற மாதிரி. "மெதுவாப் போங்க" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் முந்தானை பறந்துவிடாதபடி மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஷெட்டுக்குள் காற்று என்பதே கிடையாது. என் கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. ஆனால் பெரியத்தையின் முன்நெற்றி முடி பின்பக்கமாகப் பறந்தது. நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லுகிறேன். ஓடிவந்து குழம்புக்குத் தேங்காய் அரைக்க உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வண்டி நகரும். சிரிக்காதீர்கள். கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியாவிட்டால் எங்கள் பக்கம் வீடு கட்டினவர்களைக் கேளுங்கள். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், சுவர் கீறும், தளம் சரியும். ஷெட்டில் போட்ட சிமெண்டுத் தளம் எப்போதோ நொறுங்கிவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தும், ஒவ்வொரு கோடைக்கும் வண்டி ஒரு சாண், இரண்டு சாண் முன்னால் வந்திருக்கும். இது மண்ணின் வேலை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு மே மாதம், வெளியே காட்டிலிருந்து கிளம்பிய வெடிப்பு சுவருக்கு அடியில் புகுந்து, நேராக வண்டியின் இடது முன்சக்கரத்துக்கு வந்து நின்றது. வேறெங்கும் கிளை விடவில்லை. பெரியத்தை அதில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். எத்தனை குடம் ஊற்றியும் நிறையவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமா, வெடிப்பைத் தாண்டமாட்டாமல் வெளியிலேயே நின்றார்.

அதே மே மாதத்தில் என் திமிர் என்னைச் சும்மா விடவில்லை. ஒரு மத்தியானம், எல்லோரும் அசந்திருந்த நேரம், நான் தனியாகப் போய் அந்த இடப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோம் என்று. தகரக் கூரை கொதித்தது, கதவின் இரும்பைத் தொட்டால் கை பொசுங்கியது. சீட்டு சில்லென்று இருந்தது. கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்த மாதிரி. வலப்பக்கத்துச் சீட்டைக் கையால் தொட்டுப் பார்த்தேன், அது அடுப்பாகச் சுட்டது. பேயே ஓட்டுகிறது என்றால் அது ஓட்டுகிற சீட்டில்தானே இருக்க வேண்டும், இங்கே எதற்கு இந்தக் குளிர்ச்சி? அன்றிலிருந்து ஷெட் பக்கம் தனியாகப் போவதை விட்டுவிட்டேன். அந்தக் குளிர்ச்சிக்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.

ஆயுத பூஜைக்கு ஆபீஸில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது என் வேலை. பந்தய வண்டிக்கு மட்டும் மாமாதான் வைப்பார். எல்லோரும் ஸ்டியரிங்கில் வைப்பார்கள், முன்மூக்கில் வைப்பார்கள். இவர் இடப்பக்கத்துச் சீட்டுக்கு எதிரே, முகப்புப் பலகையில் ஒரே இடத்தில் அப்புவார். பழைய சந்தனத்தைத் துடைக்கவிடமாட்டார். வருடம் வருடமாக அதன்மேலேயே வைத்து வைத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு வறட்டி கனத்துக்கு அது இறுகிப் போயிருந்தது. நடுவில் வைத்தால் என்ன மாமா, ஓரத்தில் வைக்கிறீர்களே என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்தால் அது நான் இல்லையே. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய பந்தய வண்டிகளின் சரித்திரம் எழுதுகிறவர். நாற்பது வயது, கண்ணாடி, கையில் தடிமனான பைல். எந்த வண்டி எந்த ஊரில் எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் ஓட்டினார்கள், எங்கே அடிபட்டது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாதகமே வைத்திருந்தார். மாமா அவரை வாசலோடு அனுப்பப் பார்த்தார். வண்டியைக் காட்டுகிற பழக்கம் இல்லை என்றார். பெரியத்தைதான் உள்ளேயிருந்து வந்து, வரட்டும் என்றார்.

அவர் ஏன் சம்மதித்தார் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னார். அந்த ஆளிடம் எல்லாப் பந்தயத்தின் கணக்கும் இருக்கிறதாமே, அப்படியானால் அவிய கடைசியாப் போன பந்தயத்தில் என்ன இடம் வந்தாவ என்று அவருக்குத் தெரியும்தானே என்றார். முப்பத்திரண்டு வருடமாக அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசையாம். ஜெயித்துவிட்டு வந்த வழியிலா, தோற்றுவிட்டு வந்த வழியிலா, அது தெரிந்தால் போதும் என்றார்.

மறுநாள் மத்தியானம் ஷெட்டில் கோயம்புத்தூர்க்காரர், பெரியத்தை, மாமா, நான். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், முகமெல்லாம் பூரிப்பு. சீமையில் அது ஓடியதற்குப் போட்டோ காட்டினார். இலங்கை மலையில் வெள்ளைக்காரன் ஓட்டுகிற போட்டோ. பிறகு சென்னைப் பந்தயங்களின் பழைய அச்சுப் புத்தகங்கள். ஒன்றில் பெரிய மாமா வண்டியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்த முகத்தை நான் பார்த்தது அன்றுதான். பெரியத்தை அந்தப் போட்டோவைத் தொடாமல் பார்த்தார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

கோயம்புத்தூர்க்காரர் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். "அந்த வருஷப் பந்தயத்துல இந்த வண்டி ஓடலையேம்மா" என்றார். "கிளம்பின வண்டி எல்லாத்துக்கும் பட்டியல் இருக்கு. பதினாலாம் நம்பர் அதுல இல்ல. கடைசியா ஓடுனது அதுக்கு முந்தின வருஷம். அதுல இவர்தான் முதல்."

பெரியத்தை, சரியாகப் பாருங்க என்றார். மூன்றாம் தடவையும் பார்த்தார், இல்லை. மாமா, வெயில் ஏறிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார். அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதே எனக்கு உறுத்தியது. ஆனால் வந்தவருக்கு வண்டியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து அடியில் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே பேச ஆரம்பித்தார். முன்பக்கம் இடது மூலை பூராவும் பட்டறையில் தட்டி நிமிர்த்தினது, நல்ல கைவேலை, ஆனால் கம்பெனி வேலை இல்லை என்றார். எழுந்து வந்து முகப்புப் பலகையைத் தட்டிப் பார்த்தார். வலப்பக்கம் பழைய மரம், இடப்பக்கம் வேறு மரம். அந்தச் சந்தனத்தை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

மாமா கூடாது என்றார். பெரியத்தை மாமாவைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, குனிந்து, தானே சுரண்டினார். சந்தனம் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் தகரத்தை வைத்து அடைத்திருந்தார்கள். தகரமும் இற்றுப்போய்க் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் பழைய இரும்புச் சட்டம் உள்பக்கமாகக் குழிந்து கிடந்தது. குழியின் இரண்டு பக்கமும் ஆணி பிடுங்கிய ஓட்டை.

கோயம்புத்தூர்க்காரர் சந்தோஷமாகத்தான் சொன்னார். புதையல் கிடைத்த சந்தோஷம். "இங்க ஒரு கைப்பிடி இருந்திருக்கணும். பக்கத்துல உட்கார்றவங்க பிடிச்சுக்கறதுக்கு. பிடிச்ச பிடியோட பிடுங்கிட்டு வந்திருக்கு பாருங்க. தலை வந்து இங்க மோதியிருக்கு. இந்தச் சீட்டுல இருந்தவர் பிழைச்சிருக்க மாட்டார்." பைலைத் திறந்து பேனாவை எடுத்தார். அப்புறம் அவருக்கே ஏதோ இடித்தது. பந்தயத்தில் பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார மாட்டார்களே, இது பந்தயத்தில் நடந்தது இல்லை போலிருக்கிறதே என்றார். "அப்ப வண்டிய ஓட்டினது யாரு?" என்று கேட்டார்.

மாமா தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். பெரியத்தை அந்தக் கையையே பார்த்தார். "நான்தான் மதினி" என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. பந்தக்கால் நட்டு, மாப்பிள்ளைக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் அண்ணே என்று கெஞ்சியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு இல்லாததா என்று பெரிய மாமா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பழக்கிக் கொடுத்திருக்கிறார். மத்தியானம், கடம்பூர் ரோட்டில் ஈ காக்காய் இல்லை. வேகத்தில் திருப்பத் தெரியாமல் ஓடைப் பாலத்துச் சுவரில் இடப்பக்கத்தைக் கொண்டுபோய் மோதிவிட்டார். மாமாவுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. பெரிய மாமா அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார்.

மாமா ஓடிப்போய்க் கூட்டிவந்தது தங்கள் அப்பாவை மட்டும்தான். அவர் மகனைப் பார்த்தாராம், இன்னொரு மகன் கையிலிருந்த காப்பைப் பார்த்தாராம். அவர் சொன்னதை மாமா அப்படியே சொன்னார். "இப்பச் சாவு, துட்டின்னு சொன்னா கல்யாணம் நின்னுரும். அந்தப் புள்ளைக்கு இன்னொரு கல்யாணம் நடக்காது, ராசியில்லாதவன்னு ஒதுக்கிப்புடுவாவ. பந்தயத்துக்குப் போயிட்டான்னு சொல்லி வைப்போம். மூணு நாளு பொறு. மூணு நாளு கழிச்சுச் சொல்லுவோம்."

மூன்று நாள் கழித்து எப்படிச் சொல்லுவது? வலதுகாலை எடுத்து வைத்து வந்த பெண் மறுவீடு போய் இன்னும் திரும்பவில்லை. அப்புறம் வண்டியைப் பட்டறையில் சரிபண்ணி, என்ஜினை ஓடவிட்டுக் காட்டில் நிறுத்தினார்கள், வண்டி வந்தது, ஆள் வரவில்லை என்று ஊரே ஒரு முடிவுக்கு வரட்டும் என்று. ஊர் பேய்க்காற்று என்று முடித்துக்கொண்டது. அடுத்து அத்தை முழுகாமல் இருந்தார், வளைகாப்பு. அப்புறம் என் வீட்டுக்காரர் பிறந்தார். மொட்டை, காதுகுத்து, புது ஆபீஸுக்குக் கால்கோள், எங்கள் கல்யாணம். எப்போது வாயைத் திறக்கப் போனாலும் வீட்டில் ஒரு நல்லகாரியம் குறுக்கே நின்றது என்றார் மாமா. அவர் அப்பா துட்டி என்ற அந்தச் சொல்லைச் சொல்லாமலே செத்துப்போனார். பட்டறைக்காரரும் செத்துப்போனார். மிச்சம் இருந்தது இவர் ஒருவர்தான்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் கை தானாகப் போய் என் தாலியைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கல்யாணத்தில் தாலித்தட்டைத் தூக்கி வந்தது பெரியத்தைதான். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் முதல் வெற்றிலை பாக்கு அவருக்குத்தான், முதல் விளக்கு அவர் கையால்தான். ஒரு மனுசியின் வாழ்க்கையே கண்ணெதிரில் பெயர்ந்து விழுகிறது, எனக்கு என் கழுத்து முக்கியமாகப் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

பெரியத்தை அழவில்லை. "எங்கன வச்சிய?" என்று கேட்டார்.

நம்ம காட்டுலதான் என்றார் மாமா. பாலத்துக்கு வடக்கே, அன்றைக்கே, அவரும் அவர் அப்பாவும் தோண்டி. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அதே இடத்தில்தான். கரிசலில் ஒரு மழைக்கே அடையாளம் அழிந்துவிட்டது, இப்போது கேட்டால் இவ்வளவு தூரத்துக்குள் என்றுதான் காட்ட முடியும் என்றார். வண்டி நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் வெறுங்காலோடு ஓடி, அந்தக் காட்டுக்குள் நின்று, நாலு திசைக்கும் கூப்பிட்டவர் பெரியத்தை. அந்தக் காட்டில் பருத்திக்கு மாற்றாக உளுந்து போடுவோம். வருடா வருடம் தீபாவளிக்கு எங்கள் வீட்டு வடை அந்த உளுந்தில்தான்.

ஷெட் வாசலில் ஏதோ உருண்டது. வந்தவருக்கு மோர் கொண்டுவந்த அத்தை, எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது, சொம்பைக் கீழே போட்டுவிட்டுத் தன் பாதத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியத்தை அவரை ஒருதரம் பார்த்தார். உன்மேல் ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையை அசைத்தார். பிறகு கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். பதினாறாம் நாள், தாய்மாமன் வீட்டுச் சேலை, சுற்றி உட்கார்ந்து அழப் பெண்கள், எதுவும் இல்லை. தலைவழியே தாலியைத் தானே கழற்றி, மாமாவின் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்தார்.

"முப்பத்திரண்டு வருசமா இது அவிய கட்டுனதாக் கெடக்கல தம்பி. நீங்க கட்டி வச்சதால்லா என் கழுத்துல கெடந்திருக்கு" என்றார்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைத் தூக்கப் போகவில்லை. கோயம்புத்தூர்க்காரர் பாவம், பேனாவை மூடிப் பைலைக் கட்டினார். மன்னிச்சிருங்கம்மா, நான் எதையும் எழுதப் போறதில்ல என்று முணுமுணுத்தபடி நகரப் பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றார் பெரியத்தை.

அவர் நின்றார். எழுதுவதானால் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், பெரியவருடைய முழுப்பெயர் என்னம்மா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருசன் பெயரைச் சொல்லமாட்டாள். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டபோதுகூடப் பெரியத்தை, அலமாரியில் கோப்பையில் வெட்டியிருக்கு, பார்த்து எழுதிக்கிடுங்க என்றவர். நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

இனிஷியலோடு சொன்னார். ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி, இரண்டு தரம் சொன்னார். கடைசியாக ஓடின பந்தயத்தில் முதலாவதாக வந்தார் என்று எழுதச் சொன்னார். தம்பிக்கு வண்டி பழக்கிக் கொடுக்கையில் இறந்தார் என்று எழுதச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர் வண்டியின் மூக்கில் பைலை வைத்துக் குனிந்து எழுதினார், ஒரு வரியை அடித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எழுதி முடிக்கிறவரை பெரியத்தை பக்கத்திலேயே நின்றார். முடித்ததும், ஒருதரம் வாசிங்க, கேக்கேன் என்றார். அவர் வாசித்தார்.